‘ஓர் மரம்’: பொதிகைச் செடிகொடிகளும் பெயரிடுதலின் வரலாறும்

1

எம்.ஏ. தமிழ் படித்த இரண்டு வருஷத்தில் தேர்வுக்கென்று நான் உருப்போட்ட செடி, கொடி, மரப் பெயர்கள் நூற்றுக்கு மேலே இருக்கும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கியிருக்கும் 99 பூக்களையும் வரிசை பிசகாமல் ஒப்பித்துப் பேராசிரியரிடம் சபாஷ் வாங்கியிருக்கிறேன். எங்கள் வீடு விக்கிரமசிங்கபுரத்தில். தெருவில் நின்று மேற்கே பார்த்தால் பொதிகை. அந்த மலையில் நிற்கும் ஒரு மரத்தைக் காட்டி இது என்ன என்று யாராவது அன்றைக்குக் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. நாங்கள் புரட்டிய அகராதிகளில் ‘ஓர் மரம்’ என்று போட்டிருக்கும். கொஞ்சம் தாராளமான அகராதி என்றால் ‘மலையில் வளரும் ஓர் மரம்’. மற்றபடி ‘கொடிவகை’, ‘பூடுவகை’. இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

என் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விடிவதற்கு முன்னால் பத்துப் பதினைந்து பெண்களோடு மலையடிவாரத்துக்கு விறகுக்குப் போய்விட்டு வெயில் ஏறுமுன் தலைச்சுமையோடு இறங்குகிறவள். எந்தச் சுள்ளி புகையும், எது நின்று எரியும், எதை அடுப்பில் வைக்கவே கூடாது, எந்த இலையை உருவிவந்தால் தலைக்குத் தேய்க்கலாம் என்பதெல்லாம் அவளுக்குக் கைப்பழக்கம். சின்ன வயதில் ஒருதடவை கூடப் போனபோது ஒரு மரத்தடியில் ஒதுங்கப்போன என்னைப் பிடித்து இழுத்தாள். “சேரான் பக்கத்துல போவாதல, மேலு பூரா பொங்கிரும்.” சேரான் என்பது சேங்கொட்டை மரம், அதன் பால் பட்டால் தோல் கொப்பளித்துவிடும் என்பதைப் பல வருஷம் கழித்து ஒரு தாவரவியல் புத்தகத்தில் படித்தேன். ஆச்சியின் அகராதியில் ‘ஓர் மரம்’ என்ற பதிவே கிடையாது. நின்றால் நிழல் தரும் மரம், நின்றால் உடம்பைப் பொங்கவைக்கும் மரம் என்று தனித்தனி மரங்கள்தான் அவளுக்கு.

என் படிப்பில் மரம் இல்லாத பெயர்கள் இருந்தன. ஆச்சியிடம் மரத்தோடு சேர்ந்த பெயர்கள் இருந்தன. எது அறிவு என்று மதிப்பெண் போட்டது, எது ‘சுள்ளி பொறுக்குகிறவள் பேச்சு’ என்று ஒதுங்கிக்கொண்டது என்பது தற்செயல் அல்ல என்று இப்போது தோன்றுகிறது. பொதிகையின் தாவரங்களை ஆராய்ந்தவர்கள், காப்பாற்றக் கிளம்பியவர்கள் எல்லோருடைய வரலாற்றிலும் இந்தப் பிரிவினை ஏதோ ஒரு வடிவில் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு செடிக்குப் பெயர் வைக்கும்போது யார் உள்ளே வருகிறார்கள், யார் வெளியே போகிறார்கள்? இதைத்தான் இங்கே கேட்டுப்பார்க்க நினைக்கிறேன்.

2

முதலில் நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். வெள்ளைக்காரனிடமிருந்து தொடங்குவது நமக்கு வசதி. ஆனால் அது நேர்மை ஆகாது.

குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியல் யாருடைய குரலில் வருகிறது? தலைவியும் தோழியும் பறித்துவந்து பாறையில் குவித்த பூக்கள் அவை, சொல்லுகிறவள் தோழி. பிரதிக்குள்ளே செடிகொடிகளைத் தெரிந்தவர்கள் மலையில் திரியும் இரண்டு பெண்கள். பிரதிக்கு வெளியே மரபு சொல்லும் கதை வேறு: ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கக் கபிலர் பாடியது என்கிறது. பெண்களின் கைப்பழக்கம் புலவரின் புலமையாகி, அரசனுக்கான பாடமாகி, பின்னால் எங்களுக்குத் தேர்வாகி வந்து சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பெயர் மிஞ்சுகிறது. செடி கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடுகிறது. பி.எல். சாமி 1967இல் ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’ எழுதி இந்தப் பெயர்களை மறுபடியும் செடிகளோடு சேர்த்துவைக்க முயன்றபோது, அவர் தமிழ்த்துறைப் பேராசிரியர் அல்ல, அரசு நிர்வாகத்தில் இருந்த அதிகாரி. தமிழ்த்துறைக்குள் இருந்தவர்களுக்குச் செடி இல்லாதது ஒரு குறையாகவே படவில்லை.

பிறகு அகத்தியர். சிவன் கல்யாணத்துக்கு உலகமே வடக்கே திரண்டு பூமி சாய்ந்தபோது சமன்செய்யத் தெற்கே அனுப்பப்பட்டவர், பாபநாசத்தில் மணக்கோலக் காட்சி பெற்றவர், பொதிகையில் தங்கித் தமிழும் மருத்துவமும் தந்தவர் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தாலாட்டோடு வரும் கதை. அகத்தியர் பெயரில் வழங்கும் சித்த மருத்துவ நூல்கள் பல. அவற்றின் மொழி பிற்காலத்தது என்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பல தலைமுறைகளாகப் பல கைகள் சேர்த்த அறிவு ஒரே முனிவரின் தலையில் இறக்கிவைக்கப்பட்டது. இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த மலையின் பழங்குடிகளான காணிகளும் அகத்தியரைத் தங்கள் ஆசானாகவே கும்பிடுகிறார்கள். அதனால் இதை வெறும் திருட்டுக் கதையாக வாசித்துவிட முடியாது. ஆனால் ‘அகத்தியர் சொன்னது’ என்ற ஒற்றை வாசகத்தில் காணிகளின் பிலாத்தி, அதாவது கொக்கரை இசைத்துச் சாற்றுப்பாட்டுப் பாடி நோய் தீர்க்கும் வைத்தியர், காணாமல் போகிறார் என்பதும் உண்மை. இந்த ஒற்றை வாசகத்துக்கு நம் காலத்தில் சட்டரீதியான பலன் ஒன்று கிடைத்திருக்கிறது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

விக்கிரமசிங்கபுரத்துக்கும் ஓர் ஏட்டுப் பெருமை உண்டு. ‘திராவிட மாபாடியம்’ எழுதிய சிவஞான முனிவர் பிறந்த ஊர். 18ஆம் நூற்றாண்டுக்காரர். அவரைப் பற்றி மேடை போட்டுப் பேச எங்களில் நிறையப் பேர் இருக்கிறோம். அதே மலையடிவாரத்தில் அதே நூற்றாண்டில் மருந்துச் செடி பறித்த ஒருவர் பெயரைக்கூட எங்களால் சொல்ல முடியாது.

3

இப்போது வெள்ளைக்காரர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக 1819இல் வந்த ராபர்ட் வைட், குற்றாலத்திலும் இந்த மலைகளிலும் செடி சேகரித்தவர். 1838 முதல் 1853 வரை 2000க்கும் மேற்பட்ட படத்தகடுகளோடு அவர் வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படத்தொகுதி இன்றைக்கும் ஆய்வாளர்கள் திரும்பிப் பார்க்கும் நூல். படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற தெலுங்கு ஓவியர்கள். கோவிந்துவின் நினைவாக ஓர் ஆர்க்கிட் இனத்துக்கு ‘கோவிந்தூயியா’ என்று வைட் பெயர் வைத்தார். அபூர்வமான மரியாதைதான். ஆனால் பின்வந்த வகைப்பாட்டில் அந்தப் பேரினம் வேறொன்றோடு சேர்க்கப்பட, பெயர் ‘ஒத்தபெயர்’ பட்டியலுக்குப் போய்விட்டது. இதில் யாருடைய சதியும் இல்லை. அறிவியலின் விதிப்படி நடந்தது. இருந்தாலும் பாருங்கள், சென்னை கவர்னராக இருந்த பெண்டிங்க் பிரபுவின் பெயரைச் சுமக்கும் மலைப்பனை இன்னும் ‘பெண்டிங்கியா’வாகவே இந்தப் பாறைச் சரிவுகளில் நிற்கிறது. அதன் இரண்டாம் பெயர் ‘கொண்டபன்னா’. லத்தீன் உடுப்புக்குள்ளே உள்ளூர்ப் பேச்சின் ‘பனை’ ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேரினம் பிரபுவுக்கு, சிற்றினம் மலைக்காரர்களுக்கு.

அடுத்து பெடோம். ராணுவ அதிகாரி, 1857இல் சென்னை மாகாண வனத்துறையில் சேர்ந்து, 1860 முதல் 1882 வரை அதன் தலைமையில் இருந்தவர். திருநெல்வேலி மலைகளில் நிறைய அலைந்து பல மரங்களை முதன்முதலாக விவரித்தவர். அவர் ஓய்வுபெற்ற 1882இல்தான் சென்னை வனச் சட்டம் வந்தது. மரத்துக்குப் பெயர் வைத்த துறையும் மரத்துக்கு வேலி போட்ட துறையும் ஒன்றுதான் என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த மரம் எங்கே எவ்வளவு இருக்கிறது, எது ரயில் தண்டவாளக் கட்டைக்கு ஆகும், எது கப்பலுக்கு ஆகும் என்று தெரிந்தால்தான் எதை ‘ஒதுக்க’ வேண்டும் என்று தெரியும். தாவரப் பட்டியலும் ஒதுக்கப்பட்ட காடும் ஒரே அலுவலகத்து மேஜையிலிருந்து கிளம்பின.

அதே 1880களில் மலையடிவாரத்தில் ஹார்வி சகோதரர்களின் பஞ்சாலை வந்தது. தாமிரபரணி விழுகிற வேகத்தில் சக்கரம் சுற்றி நூல் நூற்ற மில். எங்கள் ஊர் இன்றைய வி.கே.புரமாக ஆனது அந்த மில்லின் சங்கு சத்தத்தில்தான். மேலே காடு மூடப்பட்டது. கீழே ஆலை திறந்தது. இரண்டு சம்பவங்களையும் தனித்தனியாகப் படித்தே பழகிவிட்டோம். மலையிலிருந்து தண்ணீர் தடையில்லாமல் வர வேண்டும், வயலுக்கும் ஆலைக்கும், பிறகு 1940களில் வந்த பாபநாசம் அணைக்கும் மின்நிலையத்துக்கும். காடு காக்கப்பட்டதற்கு இது ஒரு பெரிய காரணம். காரணம் எதுவானாலும் காடு மிஞ்சியதே என்று ஒருவர் சொல்லலாம். நானும் சொல்வேன். ஆனால் அந்தக் கணக்கில் விறகுக்காரியும் காணியும் ‘அத்துமீறி நுழைபவர்’ ஆனார்கள்.

4

செடி எப்படி அறிவாகிறது என்பதை ஒரு தடவை கிட்டே இருந்து பார்த்தேன். பாளையங்கோட்டையில் தாவரவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நண்பர் ஒருவர், அனுமதி வாங்கிக் காரையாற்றுக்கு மேலே போனபோது என்னையும் சேர்த்துக்கொண்டார். பறித்த கிளையைப் பழைய தினத்தந்திக்கு இடையே விரித்து அழுத்தி, தினமும் தாளை மாற்றி, காய்ந்தபின் பூச்சி அரிக்காமல் பாதரசக் குளோரைடு கரைசலில் நனைத்து, 42 சென்டிமீட்டருக்கு 28 சென்டிமீட்டர் அளவுள்ள கெட்டித் தாளில் வைத்துத் தைக்கிறார்கள். வலது கீழ்மூலையில் சீட்டு: லத்தீன் பெயர், குடும்பம், இடம், உயரம், தேதி, சேகரித்தவர் பெயர், எண். பதப்படுத்திய அந்தத் தாள் நூறு, இருநூறு வருஷம் நிற்கும்.

எங்களோடு காணிப் பெரியவர் ஒருவர் வந்திருந்தார். அவர் செடியைப் பார்க்கும் விதமே வேறு. நடந்துகொண்டே கைபோன போக்கில் இலையைக் கிள்ளி, கசக்கி, மூக்குக்குக் கொண்டுபோவார். சிலதை நாக்கில் வைத்துத் துப்புவார். “கண்ணால பாத்தா ஏமாத்திரும் தம்பி, மோந்து பாரும்” என்று என்னிடம் நீட்டினார். நண்பர் பையிலிருந்து லென்சை எடுத்துப் பூவின் மகரந்தத் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

மிஷல் ஃபூக்கோ ‘சொற்களும் பொருட்களும்’ நூலில் 17, 18ஆம் நூற்றாண்டுகளின் இயற்கை வரலாறு எப்படி உருவானது என்று பேசும் பகுதி அன்றைக்கு எனக்கு நினைவு வந்தது. செடியைப் பற்றிய செவிவழிச் செய்தி, கதை, சுவை, மணம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுக் கண்ணுக்குத் தெரிகிற வடிவம், எண்ணிக்கை, அளவு, அமைப்பு ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டதால்தான் வகைப்பாடு சாத்தியமாயிற்று என்கிறார் அவர். லின்னேயஸ் 1753இல் கொடுத்த இரட்டைப் பெயர் முறை இந்தக் கழித்தலின் மேல் நிற்பது. காணிப் பெரியவரின் மூக்கும் நாக்கும் அந்தச் சீட்டில் ஏற முடியாமல் போனதற்கு நண்பர் காரணம் அல்ல. அந்தச் சீட்டிலேயே அதற்கு இடம் கிடையாது.

மொழிக்கும் அப்படித்தான். புதிய தாவரம் ஒன்றுக்குப் பெயர் வைத்தால் அதன் விளக்கத்தை லத்தீனில் எழுதியாக வேண்டும் என்பது 2011 முடியும்வரை சர்வதேச விதி. 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம் என்று தளர்த்தினார்கள். பொதிகையில் ஒரு காணி காட்டிக்கொடுத்த செடியை ஒரு தமிழர் தமிழில் எவ்வளவு துல்லியமாக விவரித்தாலும் அறிவியலின் கண்ணில் அந்தச் செடி இன்னும் பிறக்கவில்லை.

அன்று மாலை நண்பர் ஒரு புகைப்படத்தைக் காட்டினார். பெடோம் சிங்கம்பட்டி மலையிலிருந்து விவரித்த மரம்; ‘யூஜீனியா சிங்கம்பட்டியானா’. நாவல், கொய்யா சேர்ந்த குடும்பம். உலகத்தில் இந்த மலைத்தொடரை விட்டால் வேறெங்கும் கிடையாது. பெடோமுக்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் யாரும் சேகரித்ததாகப் பதிவு இல்லாமல், அழிந்துபோயிருக்கலாம் என்று எண்ணப்பட்டுப் பின்னர் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. நண்பர் இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லிக்கொண்டிருக்க, பெரியவர் படத்தை வாங்கிப் பார்த்தார்.

“இது காட்டுக்கொரண்டில்லா. தொண்டை நோவுக்குக் குடுப்போம். காணாமப் போச்சுன்னு யாரு சொன்னா?”

யாரும் பதில் சொல்லவில்லை. காணிகள் இந்த மரத்தைத் தொண்டைவலிக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் உடம்புவலிக்கும் பயன்படுத்துவதை இப்போது ஆய்வுக் கட்டுரைகளே எழுதுகின்றன. ஒரு நூற்றாண்டாக அந்த மரம் எங்கும் போகவில்லை. அதைக் காணாதிருந்தது ஓர் அறிவுத்துறை. ‘மறுகண்டுபிடிப்பு’ என்ற சொல்லுக்குள் அந்த நூற்றாண்டுக் காலம் அதைப் பயன்படுத்தி வந்தவர்கள் மறைந்துபோகிறார்கள்.

5

இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிட்டால் நம் வட்டத்தில் கைதட்டல் கிடைக்கும். அறிவு என்பது அதிகாரம், ஐரோப்பியப் பெயர் ஒரு வன்முறை, பழங்குடி அறிவே உண்மையான அறிவு. ஆனால் இதை என்னால் முழு மனசோடு சொல்ல முடியவில்லை.

பெரியவரின் கேள்வி நியாயமானது. ஆனால் அவருக்குத் தெரிந்தது அவர் நடக்கும் தடத்தில் நிற்கும் மரங்கள். மலைத்தொடர் முழுக்க எத்தனை மரம் மிஞ்சியிருக்கிறது, வேறு எங்கும் இல்லையா, கன்று பிடிக்கிறதா என்று சொல்ல அந்தத் தைத்த தாள்கள் வேண்டியிருந்தன. கோவையிலும் லண்டனிலும் இருக்கும் பழைய தாளோடு புதிய கிளையை ஒப்பிட்டால்தான் ‘இது அதுதான்’ என்று தீர்ப்பாகும். ‘அருகிவரும் இனம்’ என்ற வகைப்பாடு இல்லாவிட்டால் அணையோ சாலையோ வரும்போது நீதிமன்றத்தில் வைக்க நம்மிடம் ஆயுதமே இருக்காது. காம்பிளும் பிஷரும் 1915 முதல் 1936 வரை எழுதிய சென்னை மாகாணத் தாவரநூல், திருச்சியில் அருட்தந்தை மத்தியூ உண்டாக்கிய தாவரநூல்கள், பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் அருட்தந்தை மாணிக்கம் பெரணிகளில் தொடங்கித் திருநெல்வேலி மலைகள் முழுக்கச் செய்த ஆய்வு, 1990களில் காக்காச்சி மழைக்காட்டில் கயிறு கட்டி மர உச்சிக்கு ஏறி எந்த மரத்துக்கு எந்தப் பூச்சி, எந்த வெடிப்பலாப் பூவுக்கு எந்த விலங்கு என்று குறித்தவர்களின் உழைப்பு இவற்றையெல்லாம் ‘காலனியச் சொல்லாடல்’ என்று ஒரு வரியில் தள்ளிவிடுவது சோம்பேறித்தனம். யுனெஸ்கோ 2016இல் அகத்தியமலையை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றபோது சொன்ன 2254 உயர்தாவர இனங்கள், அவற்றில் இங்கே மட்டுமே உள்ள ஏறத்தாழ 400 என்ற கணக்கு, அந்த உழைப்பின் கூட்டுத்தொகை.

அதேசமயம் பட்டியலில் ஏறியதாலேயே அழிவு வந்த கதையும் இருக்கிறது. 1865இல் கர்னல் டுரூரி இந்த மலையில் எடுத்த மஞ்சள் ஆர்க்கிட் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பிறகு பல காலம் கண்ணில் படாமல் இருந்து 1970களில் மறுபடி கிடைத்தது. கிடைத்த செய்தி பரவியதும் ஆர்க்கிட் வியாபாரத்துக்காகப் பிடுங்கித் தள்ளிவிட்டார்கள். பெயரும் முகவரியும் ஒரு செடியைக் காக்கவும் செய்யும், காட்டியும் கொடுக்கும். நண்பர் இதனால்தான் அபூர்வச் செடிகளின் சரியான இடத்தை வெளியிடுவதில்லை. காணிகளும் சில செடிகளை அந்நியரிடம் சொல்வதில்லை. இந்த ஒரு விஷயத்தில் இருவருடைய வழக்கமும் ஒன்றாக இருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆச்சி விஷயத்திலும் நான் கற்பனாவாதம் செய்ய விரும்பவில்லை. அந்தத் தலைச்சுமைகள் மலையடிவாரத்தை மொட்டையாக்கிக்கொண்டிருந்தன. முண்டந்துறை 1962இல் புலிகள் சரணாலயமாகி, களக்காடு 1976இல் சரணாலயமாகி, 1988இல் இரண்டும் சேர்ந்து புலிகள் காப்பகமானபின், 1990களில் உலக வங்கிக் கடனில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. கிராமக் குழு, சிறுகடன், மாற்று அடுப்பு. மெதுமெதுவாக விறகுக்குப் போவது நின்றது. அடிவாரம் பச்சை பிடித்தது. ஆச்சியின் முதுகுக்கும் ஓய்வு கிடைத்தது. ஆனால் ஆச்சிக்குத் தெரிந்த பெயர்களில் பாதிதான் அம்மாவுக்குத் தெரியும். எனக்குச் சேரானும் இன்னும் ஏழெட்டும் மிச்சம். கை படாத செடியின் பெயர் வாயிலும் நிற்காது. காட்டைக் காப்பாற்றிய திட்டம் எதிலும் அந்தப் பெயர்களை யாரும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. ஆச்சி உயிரோடிருந்த காலத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த நானும் கேட்கவில்லை.

6

பெயரைக் கேட்டு எழுதினால் மட்டும் போதுமா? ஆரோக்கியப்பச்சையின் கதை போதாது என்கிறது.

1987இல் அகத்தியமலையின் கேரளப் பக்கம் ஏறிய தாவரவியலாளர் குழு களைத்துத் தளர்ந்தபோது, வழிகாட்டிகளாக வந்த காணி இளைஞர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டு சளைக்காமல் நடந்தார்கள். தயங்கித் தயங்கித்தான் செடியைக் காட்டினார்கள். திருவனந்தபுரத்து வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு 10 லட்ச ரூபாய்க்கும் 2 சதவீத உரிமைத்தொகைக்கும் உரிமம் கொடுத்தது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவு செய்தார்கள். உலகத்திலேயே இப்படிப் பழங்குடிகளோடு பலனைப் பகிர்ந்துகொண்ட முதல் உதாரணங்களில் ஒன்று என்று மாநாடுகளில் கொண்டாடப்பட்டது. கொண்டாடத் தகுந்ததுதான், அதற்கு முன்னால் பாதிகூடக் கொடுத்தவர் இல்லை.

கதையின் மற்ற பக்கங்கள் மாநாட்டுக்கு வரவில்லை. செடியின் பயனை முறைப்படி அறிந்த பிலாத்திகள் சிலர், எங்கள் அறிவைத் தனியார் கம்பெனிக்கு விற்காதீர்கள் என்று எதிர்த்தார்கள். காணிக் குடும்பங்கள் செடியைப் பயிரிட்டு விற்க முனைந்தபோது, வனப்பொருள் என்று வனத்துறை தடுத்தது. அறிவுக்கு உரிமைத்தொகை உண்டு, செடிக்கு உரிமை கிடையாது என்பது விசித்திரமான தர்க்கம். பணத்தைப் பெற 1997இல் பதிவான அறக்கட்டளையின் பெயரிலேயே ‘கேரள’ இருக்கிறது. மலையின் உச்சி வழியாகப் போகும் மாநில எல்லை அந்த மக்களையும் இரண்டாக வகுத்தது. பாபநாசத்துக்கு மேலே மயிலாற்றிலும் சேர்வலாற்றிலும் இஞ்சிக்குழியிலும் இருக்கும் காணிகள், அதே செடி, அதே முன்னோர், அதே அகத்தியர் இருந்தும் கணக்கில் வரவில்லை.

பிறகு சட்டங்கள் வந்தன. 2002இல் உயிரியல் பன்மயச் சட்டம், பலனைப் பகிர வேண்டும் என்றது. 2006 வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, உயிர்ப்பன்மை சார்ந்த மரபறிவின் மீது வனவாசிகளுக்குக் கூட்டுரிமை உண்டு என்று தெளிவாகவே சொல்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால உத்தரவால் அந்தச் சட்டத்தின்கீழ் பட்டா கொடுப்பதே பல வருஷம் முடங்கிக் கிடந்தது. 2023இல் உயிரியல் பன்மயச் சட்டம் திருத்தப்பட்டது. ஏட்டில் பதிவான மரபறிவைப் பயன்படுத்துகிறவர்களுக்குப் பலன்பகிர்விலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது.

இங்கேதான் அகத்தியர் திரும்பி வருகிறார். ஒரு செடியின் பயன் அகத்தியர் பெயரிலுள்ள ஏட்டில் இருந்தால் அது ‘பதிவான’ அறிவு; மருந்துக் கம்பெனி யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டாம். காணியின் வாயில் இருந்தால் மட்டுமே பங்கு. நாளைக்கு அதே காணியின் அறிவை ‘அழிந்துவிடக் கூடாதே’ என்ற நல்லெண்ணத்தில் என்னைப் போல ஒருவன் எழுதிவைத்தால், அந்த எழுத்து யார் பக்கம் சாட்சி சொல்லும்? சட்டம் நூல்களைப் பற்றிப் பேசுகிறது, ஆய்வேடுகளைப் பற்றியல்ல என்று வாதிடலாம். இருந்தாலும் ஏட்டுக்கு ஒரு நீதி, வாய்க்கு ஒரு நீதி என்ற பாகுபாடு அப்படியே இருக்கிறது. ‘ஓர் மரம்’ என்று எழுதிய அகராதிக்காரர் அறியாமல் செய்ததை இன்றைய சட்டம் அறிந்தே செய்கிறது. சித்த மருத்துவம் தமிழனின் பெருமை என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் யார் பக்கம் நிற்கப்போகிறோம் என்று முடிவு செய்தாக வேண்டும்.

7

இது பழங்கதை அல்ல. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்த 8373 ஏக்கர் மழைக்காடு மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலையானது. யூஜீனியாவுக்குத் தன் பெயரைக் கொடுத்த அதே சிங்கம்பட்டி. அந்தத் தோட்டத் தொழிலாளருக்காகக் கூலி கேட்டு 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர் தாமிரபரணியில் பிணமானார்கள். 2024 ஜூனில் கம்பெனி வேலையை நிறுத்தியது. அரசே எடுத்து நடத்தக் கோரிய மனுக்களை அந்த வருஷம் டிசம்பரில் உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. 2028இல் குத்தகை முடிகிறது. நிலம் காட்டுக்குத் திரும்ப வேண்டும்.

திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்த மழைக்காட்டை வெட்டித் தேயிலை வைத்த லாபம் கம்பெனிக்குப் போனது. காட்டைத் திருப்பிக் கொடுக்கும் செலவு மட்டும் நாலு தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய, பெரும்பாலும் தலித்துகளான குடும்பங்களின் தலையில் விழுகிறது. தேயிலைச் சரிவில் இனி என்ன நடுவது, எந்தக் கன்று எந்த ஈரத்தில் பிழைக்கும், விதை எந்த மாதம் விழும் என்று யாருக்குத் தெரியும்? பாதி நண்பரைப் போன்றவர்களின் குறிப்பேட்டில் இருக்கிறது. மீதி காணிகளிடமும், தோட்டத்துக்கு இடையில் மிஞ்சிய சோலைத் துண்டுகளை ஒட்டியே வாழ்ந்த அந்தத் தொழிலாளர்களிடமும் இருக்கிறது. அவர்களைக் கீழே இறக்கி, வெளியூர் ஒப்பந்தக்காரரை வைத்துக் கன்று நட்டு, அதற்குக் ‘காட்டு மீட்பு’ என்று பலகை வைத்தால் 1882ஐத்தான் திரும்ப எழுதுகிறோம். நாற்றங்கால் வேலையும் அதற்கு முறையான கூலியும் முதலில் அவர்களுக்குத்தான் வர வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

சூழலியல் தோழர்களுக்கும் தலித், பழங்குடி உரிமைத் தோழர்களுக்கும் நடுவில் இப்போது ஒரு பேச்சற்ற நிலை இருக்கிறது. ஒருவருக்குச் செடி, இன்னொருவருக்கு மனிதர் என்று பங்கு பிரித்துக்கொண்டோம். செடியைத் தெரிந்த மனிதரை வெளியே அனுப்பிவிட்டுச் செடியை எவ்வளவு காலம் காப்பாற்ற முடியும் என்று முன்னவர்களும், காடு போனால் யாருடைய உரிமைக்கு என்ன பொருள் என்று பின்னவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

தமிழ் படித்தவர்களுக்கென்று ஒரு சின்ன வேலை இருக்கிறது. 1678இல் வான் ரீட் ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ முதல் தொகுதியை அச்சிட்டபோது, செடிகளை விளக்கிய ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனின் சாட்சிக் கடிதத்தை அவர் பெயரோடு அதில் சேர்த்தார். டச்சுக் கம்பெனி அதிகாரி ஒருவருக்கு முடிந்தது நமக்கு ஏன் முடியவில்லை? செடியின் பெயரைச் சொன்னவர் யார், எந்தக் குடியிருப்பு, எழுதிக்கொள்ள அவர் சம்மதித்தாரா, எதைச் சொல்லாமல் விடச் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளும் ஒரு பதிவுமுறையை நாட்டார் வழக்காற்று ஆய்வு படித்தவர்களால் உருவாக்க முடியும். கதை சொன்னவர் பெயரைக் குறிக்கக் கற்றுக்கொண்ட நாம் செடி சொன்னவர் பெயரையும் குறிக்கலாம்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். இப்போது அவருடைய சீட்டுகளில் ‘காட்டித் தந்தவர்’ என்று கையால் எழுதிய ஒரு வரி கூடியிருக்கிறது. காணிப் பெரியவரைக் கேட்டபின்தான் அவர் பெயரை எழுதினார். பெரியவர் தன் பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “இதக் காட்டினா செக்போஸ்ட்ல விடுவாகளா?” என்று கேட்டார். விட மாட்டார்கள். மரச்சீனியும் மிளகும் கொண்டு கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையும் அவர் பையை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் வருகிறார்.